பஸ் நிலையத்தில் முகம் கழுவியவன்

2012ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஜெயகௌரிக்கு வலது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். சூரிச்சில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வருடக்கணக்காக நின்றே உழைத்த கால் அது. வீட்டுக்கு அனுப்பும்போது தாதி விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். காலுக்கு மேல் கால் போடக் கூடாது. குனியக் கூடாது. தாழ்ந்த கதிரையில் இருக்கக் கூடாது. இரத்தம் கட்டாமலிருக்க ஒவ்வொரு நாளும் வயிற்றில் ஊசி போட வேண்டும். "மற்றும்படி சும்மா இருங்கள், நல்ல படங்களாகப் பாருங்கள்" என்று சிரித்தபடி வழியனுப்பினாள்.

ஜெயகௌரிக்கு அந்தக் கடைசிப் புத்திமதிதான் பயத்தைக் கொடுத்தது. மூன்று வருடமாக அவள் எந்தத் திரையையும் நேராகப் பார்த்ததில்லை.

அவளுக்கு ஒரே தம்பி, தவச்செல்வன். இலங்கையில், போர் நடந்த வன்னியில் இருந்தான். 2009 சித்திரை மாதம், யாரோ ஒருவரின் தொலைபேசியில் ஒரு நிமிடம் கதைத்தான். "அக்கா, நான் இருக்கிறன், பயப்பிடாதை" என்றான். அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை. வைகாசியில் போரோடு எல்லாம் முடிந்தது. அந்தக் கோடை முழுவதும் முகாம்களின் முட்கம்பிக்குள் சனம் நிற்கும் படங்கள் இணையத்திலும் தொலைக்காட்சியிலும் வந்துகொண்டிருந்தன. ஜெயகௌரி வேலை முடிந்து வந்து, சாப்பிடாமல், அந்த முகங்களுக்குள் அவனைத் தேடினாள். எங்கும் அவன் இல்லை. ஒருநாள் தொலைக்காட்சியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு எழும்பினாள். அதன்பின் கணவர் சிறீதரனும் மகள் மதுஜாவும் அவள் இல்லாத நேரத்தில்தான் அதைத் திறந்தார்கள்.

இப்போது நாள் முழுவதும் சோபாவில், உயரமான தலையணையின் மேல் இருக்க வேண்டியிருந்தது. ஜன்னலுக்குக் கீழே ட்ராம் போகிற சத்தம். சிறீதரன் ட்ராம் கழுவும் வேலைக்குப் போய்விடுவார். தனியே இருந்தால் யோசனைதான் வரும் என்று மதுஜாதான் பிடிவாதம் பிடித்தாள்.

"அம்மா, ஒரு படம் பாருங்கோ. சிரிப்புப் படம். நான் முதல் பாத்திட்டு, பொருந்தினாத்தான் உங்களுக்குப் போடுவன்."

"வெடிச் சத்தம் இருக்கக் கூடாது."

"சரி."

"கடல் வரக் கூடாது. நெருப்பு எரியக் கூடாது. ஆரையும் காணேல்லை எண்டு தேடுற கதையும் வேண்டாம்."

மதுஜா இதைக் கொண்டுபோய் லாங்ஸ்ட்ராஸ தெருவில் மரக்கறிக் கடையின் பின்பக்கத்தில் டிவிடி விற்கும் குலேந்திரனிடம் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"பிள்ளை, தமிழ்ப் படத்திலை உதெல்லாம் இல்லாமல் நான் எங்கை போய் எடுக்கிறது? பக்திப் படத்திலையும் நெருப்பு எரியுதே!"

ஆனாலும் தேடிப் பிடித்துச் சிலதைக் கொடுத்துவிட்டார். மாமியார் மருமகள் சண்டை, ஆள்மாறாட்டக் கல்யாணம், மாட்டை வைத்துப் பந்தயம். அலுவலகத்தால் வந்ததும் மதுஜா அவற்றை வேகமாக ஓட்டிப் பார்த்து, "இதிலை ஒரு இடத்திலை பட்டாசு. நான் பக்கத்திலை இருந்து தாண்டி விடுறன்" என்பாள். முதல் இரண்டு படத்திலும் ஜெயகௌரிக்கு நித்திரை வந்தது. மூன்றாவதில் சத்தம் போட்டுச் சிரித்தாள். சமையலறையில் நின்ற சிறீதரன் கரண்டியோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அப்படி ஒரு மத்தியானம், தனியே, ஆள்மாறாட்டக் கதையொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதாநாயகன் ஒரு பஸ் நிலையத்தில் தவறான பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அவனுக்குப் பின்னால், சுவரோரக் குழாயடியில், ஒருவன் முகம் கழுவினான். கழுவிவிட்டு, ஈரத்தை இடது தோளில் சட்டையோடு சேர்த்துத் துடைத்தான். பிறகு கமராப் பக்கம் திரும்பினான்.

ஜெயகௌரி ஊன்றுகோல்களை எடுத்ததும் எழும்பியதும் அவளுக்கே நினைவில்லை. தொலைக்காட்சிக்கு முன்னால் போய் நின்றாள். படத்தை நிறுத்தினால் முகம் கலங்கியது. ஓட விட்டால் தெளிந்து, உடனே மறைந்தது. பின்னுக்கு ஓட்டி, விட்டு, மீண்டும் ஓட்டினாள். கன்னம் ஒட்டியிருந்தது, முன்மயிர் கொட்டியிருந்தது. அந்த நெற்றி தவச்செல்வனுடையதேதான்.

சிறீதரன் வந்து கதவைத் திறந்தபோது அவள் குனிந்து, திரையில் மூக்கு முட்ட நின்றாள்.

"குனியக் கூடாதெண்டெல்லே சொன்னவங்கள்! இஞ்சரும், இரும்!"

"இவனைப் பாருங்கோ."

அவர் பார்த்தார். மறுபடியும் ஓட விட்டுப் பார்த்தார்.

"ஆரோ ஒரு ஆள், கௌரி. பின்னாலை நிக்கக் கூலிக்குக் கூட்டிக்கொண்டு வாறவங்கள்."

"வள்ளத்திலை இந்தியாவுக்குப் போயிருக்கலாம். போனவங்கள் எத்தினை பேர். கடுமையாய் அடிபட்டவனுக்கு ஞாபகமும் இல்லாமல் போயிருக்கலாம்."

சிறீதரன் கதிரையில் அமர்ந்து சப்பாத்தைக் கழற்றினார். தவச்செல்வன் இறந்துவிட்டான் என்று அவர் எப்போதோ முடிவு செய்திருந்தார். திரிம்பாக் ஊரிலுள்ள தமிழ்க் கோயிலில் அவன் பெயரில் ஒரு மோட்ச அர்ச்சனை செய்வோம் என்று ஒருமுறை கேட்டதற்கு அவள் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. ஆகவே சப்பாத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அடுத்த நாளிலிருந்து ஜெயகௌரியின் தெரிவு மாறியது. சந்தை வருகிற படம் வேண்டும், ஊர்வலம் வருகிற படம் வேண்டும் என்றாள். குலேந்திரன் நேரே தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, முந்தி ஒரு சத்தமும் வேண்டாம் எண்டனீர். இப்ப கலவரப் படம் கேக்கிறீர். டொக்டர் குளிசையை மாத்திப் போட்டாரோ?"

"சனம் கூடினதாய்ப் பாத்துத் தாங்கோ அண்ணை. எந்தப் படமெண்டாலும் பறவாயில்லை."

அதற்குப் பிறகு அவள் கதாநாயகர்களைப் பார்க்கவேயில்லை. அவர்கள் காதலித்ததும் அழுததும் அவளுக்குத் தெரியாது. வெடித்தது, எரிந்தது, அவள் அசையவில்லை. கண் எப்போதும் அவர்களின் தோளுக்குப் பின்னால் இருந்தது. ஒரு படத்தில் அவன் பிண ஊர்வலத்தில் நடந்தான். இன்னொன்றில் பொலிஸ் உடுப்போடு வரிசையில் நின்றான். அன்றைக்கு ஊசி போட வந்த தாதி, நாடி ஏன் இப்படி அடிக்கிறது என்று கேட்டாள்.

மதுஜாவால் இதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவளுடைய அலுவலகத்தில் சுமித்ரா என்றொரு சென்னைப் பெண் வேலை செய்தாள். சுமித்ராவின் ஒன்றுவிட்ட அண்ணன் படத்தொகுப்புக் கூடமொன்றில் இருந்தான். மூன்று படங்களிலும் அந்த முகத்தை மதுஜா கைபேசியில் எடுத்து அனுப்பினாள். பனி விழத் தொடங்கிய ஒரு வாரத்தில் பதில் வந்தது. ஆள் துணை நடிகர் சங்கத்தில் இருக்கிறார், கிடைத்துவிட்டார், பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை பகல் சுமித்ராவே வீட்டுக்கு வந்தாள். "ஆன்ட்டி, பேர் மட்டும் வேற சொல்றாங்க. காசிராஜன். நீங்களே பேசிப் பாருங்க" என்று கைபேசியை நீட்டினாள். ஜெயகௌரி பெயரைப் பொருட்படுத்தவில்லை. ஓடித் தப்பினவன் பெயரை மாற்றாமல் இருப்பானா?

"வணக்கம்மா!" என்றது குரல். "நான்தாங்க காசிராஜன். சொந்த ஊரு விருதுநகர் பக்கம். சுவிட்சர்லாந்துலருந்தா பேசுறீங்க?"

அந்தச் சில வார்த்தைகளிலேயே தெரிந்துவிட்டது. குரல் கனமானது, பேச்சு வேறு மண்ணுடையது. பிறந்ததிலிருந்து அந்த ஊர்த் தமிழைத் தவிர வேறெதையும் பேசியிராத ஒருவன். சிறீதரன் எழும்பி அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அம்மா, இருக்கீங்களா? பஸ் ஸ்டாண்ட் சீன்ல என்னைப் பார்த்தீங்களாமே. நெஜமாவா? பதினஞ்சு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். எம் பொண்டாட்டியே என்னைக் கண்டுபிடிச்சதில்லைங்க. டைரக்டரு சும்மா நில்லுன்னாரு. நானாத்தான் முகம் கழுவுனேன். நல்லா இருந்துச்சா?"

வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள், அல்லது தொலைபேசியை வைத்திருப்பார்கள். ஜெயகௌரி சொன்னாள்: "ஓம் தம்பி. வடிவாய் இருந்தது."

"ரொம்ப சந்தோஷம்க்கா. அக்கான்னு கூப்பிடலாமா?"

"கூப்பிடுங்கோ."

அன்று மாலை வரை அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதுஜா அழுதாள். "நான் தேடியிருக்கக் கூடாது அம்மா" என்றாள். "நீ என்ன செய்வாய்" என்று ஜெயகௌரி சொன்னதோடு சரி.

கால் தேறியது. மாசி மாதம் வேலைக்குத் திரும்பினாள். முதியோர் இல்லத்துக் கிழவிகள் அவளுடைய நடையைப் பார்த்துக் கைதட்டினார்கள். கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் தன்னை அடையாளம் கண்ட ஒரே ரசிகையைக் காசிராஜன் விடவில்லை. படம் வெளிவரும்போதெல்லாம் குரல்பதிவு அனுப்புவான். "அக்கா, இதுல மார்க்கெட் சீன்ல மஞ்ச சட்டை." "அக்கா, இதுல கல்யாணப் பந்தி, ரெண்டாவது இலை நான்." அவள் தேடிப் பார்ப்பாள். அவன் காசிராஜன்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பார்த்தாள். படத்துக்குப் படம் அவனுக்குக் காதோரம் நரைத்தது, வயிறு கொஞ்சம் வைத்தது. தவச்செல்வன் இருந்திருந்தால் இந்த வயதில் இப்படித்தான் இருப்பான் என்று நினைத்துக்கொள்வாள். நினைத்த பிறகு அந்த அறையிலே தனியே இருக்கப் பயமாக இருக்கும். கூடத்து விளக்கைப் போட்டுவிட்டு, சிறீதரன் வரும்வரை கதவோரம் நிற்பாள்.

2016இல் ஒரு குரல்பதிவு வந்தது. காசிராஜனுக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. "அக்கா, மொத மொறையா எனக்கு க்ளோஸ்-அப்! குண்டடி பட்டுச் சாவுற சீன். முழுசா ஒரு நிமிஷம் என் மூஞ்சிதான்!"

அவள் அந்தப் படத்தை வேண்டாம் என்று மாதக்கணக்கில் ஒதுக்கி வைத்தாள். பிறகு, விடுமுறை நாளொன்றில், சிறீதரனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு போட்டாள். சேற்று நிலம். ஓடி வருகிறான், விழுகிறான். மண் ஒட்டிய முகம் திரை முழுக்க வந்தது. கண் திறந்தபடி நின்றது. சிறீதரன் நிறுத்தப் போனார். அவள் அவருடைய கையைப் பிடித்தாள். அந்த நிமிடம் முடியும்வரை பிடித்திருந்தாள்.

பிறகு காசிராஜனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா! பார்த்தீங்களா?"

"பாத்தன். நல்லாய்ச் செய்திருக்கிறீர்." "தம்பி, எனக்கொரு சகோதரம் இருந்தவன். உம்மைப்போல முகம்."

இருந்தவன் என்று அவள் சொன்னதை அன்றுதான் சிறீதரன் முதன்முதலாகக் கேட்டார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா. இந்த சீனைப் பாருங்கன்னு சொல்லியிருக்க மாட்டேனே" என்றான் காசிராஜன்.

அந்த வெள்ளிக்கிழமையே திரிம்பாக் போனார்கள். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். மோட்ச அர்ச்சனை என்று சிறீதரன்தான் சொன்னார். ஜெயகௌரி நட்சத்திரத்தைச் சொன்னாள்.

அர்ச்சனை செய்தால் இந்தத் தேடல் விட்டுப் போகும் என்று சொன்னவர்கள் உண்டு. அப்படி ஒன்றும் போகவில்லை. ட்ராமில் ஏறினால் கடைசி ஆசனத்தை ஒருமுறை பார்ப்பாள். ரயில் நிலையத்தில் எதிர்த் திசையில் போகிற முதுகுகளைப் பார்ப்பாள். படம் என்றால் சொல்லத் தேவையில்லை; கண் தானாகப் பின்னால் போய்விடும்.

2019 மார்கழியில் இடது இடுப்பையும் மாற்றினார்கள். மதுஜா இப்போது கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் இருந்தாள். வந்து தொலைக்காட்சியின் ரிமோட்டைக் கையில் எடுத்தாள்.

"இந்த முறை என்ன படம் அம்மா?"

"ஆரும் இல்லாத படமாய்ப் போடு."

மதுஜா யோசித்துவிட்டு, காலையில் மலை உச்சிகளைக் காட்டும் நிகழ்ச்சியைப் போட்டாள். பனிச்சறுக்கு ஊர்களின் கமராக்கள் மெல்லச் சுழலும். குளிர் எத்தனை பாகை என்று ஓர் ஓரத்தில் எழுதியிருக்கும். பின்னணியில் யாரோ அக்கோர்டியன் வாசிப்பார்கள். வேறொன்றும் நடக்காது. ஜெயகௌரி உயரமான தலையணையில் சாய்ந்து பார்த்தாள். வெள்ளை மலை, வெறும் இழுவைக் கம்பி, பூட்டிய உணவகம், மீண்டும் மலை. அவளுடைய தோள் தளர்வதை மதுஜா கண்டாள்.

நாலாவதோ ஐந்தாவதோ ஊரில், சரிவின் கீழே, ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. யாரோ ஒருவர் பனிக்குள் தனியே நடந்து மேலே வந்துகொண்டிருந்தார். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத தூரம். ஜெயகௌரி தலையணையிலிருந்து முதுகை எடுத்தாள்.

"அம்மா, நிப்பாட்டட்டோ?"

"வேண்டாம்" என்றாள். "கொஞ்சம் பொறு."

கமரா தன்பாட்டில் திரும்பி அடுத்த மலைக்குப் போனது.