வைசனுக்கு வந்த லாரி

வைசன் காலிமாவுக்கும் எனக்கும் ஒரே தண்டனைதான் விதித்தார்கள். ஆனால் அவன் எனக்கு ஆறு வருடம் முன்பே வீட்டுக்குப் போய்விட்டான். அது இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

இருவருமே சோளக் கள் குடித்துவிட்டு ஆளுக்கொருவனைக் கொன்றவர்கள். அன்றைய சட்டத்தில் கொலைக்குத் தூக்கு, வேறு பேச்சில்லை. நீதிபதி எங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கக்கூட வேண்டியதில்லை. தூக்குக்குக் காத்துக்கொண்டு சோம்பா சிறையில் பதினோரு வருடம் ஒருக்களித்தே தூங்கினோம். ஒருவன் திரும்பினால் வரிசையே திரும்ப வேண்டும். அப்போது அவன்மேல் எனக்குப் பொறாமை கிடையாது. இருவருக்கும் ஒரே கயிறு, இதில் என்ன பொறாமை?

பிறகு அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள். ஒவ்வொருவனும் எப்படிப்பட்டவன் என்று விசாரித்துப் புதிதாகத் தண்டனை சொல்ல வேண்டுமாம். அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பொறாமை.

வைசனுக்காக ஒரு லாரி நிறைய அவன் ஊரே நீதிமன்றத்துக்கு வந்தது. அவன் கையால் செத்தவனின் தாய் நாம்பேவேயும் வந்திருந்தாள்.

"இவன அனுப்பிடுங்க ஐயா. என் சோளக்கொல்லையக் கொத்த ஆளில்ல. என் மகன எடுத்தவன்தானே வந்து கொத்தணும்?" என்றாள்.

இருந்தது போதும் என்று அவனை அன்றே விட்டுவிட்டார்கள். எனக்கு வந்தது ஒரு தாள். இவன் எங்களுக்கு வேண்டாம் என்று எங்கள் ஊர்த்தலைவர் கைநாட்டு வைத்திருந்தார். இன்னும் ஆறு வருடம்.

மாதம் தவறாமல் வைசன் கருவாட்டோடு என்னைப் பார்க்க வந்தான். தின்றேன். வயிறு நிறைந்தது, எரிச்சல் அடங்கவில்லை.

"எந்த மந்திரவாதிகிட்டடா மருந்து வாங்கி அந்தக் கிழவிக்கு வச்ச?"

"மருந்துமில்ல, மாயமுமில்ல. ஊர்லேருந்து யார் வந்தாலும், அந்தம்மாகிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லி அனுப்புவேன். ஒம்பது வருஷம் பதிலே இல்ல."

"எனக்கு ஏன்டா சொல்லல?"

"உன் பக்கத்துல நின்னுதானே சொல்லி அனுப்புனேன்? நீ அவங்க கொண்டாந்த மூட்டையில என்ன இருக்குன்னு பாத்துக்கிட்டிருந்த."

விடுதலையானதும் அவன் ஊருக்குத்தான் போனேன். என் ஊரில் யார் இருக்கிறார்கள்? தன் வீட்டுக்குப் பின்னால் எனக்கொரு குடிசை போட்டுக் கொடுத்தான். அதற்குள் சிறையில் பிடித்த இருமல் அவனைத் தின்று முடித்திருந்தது. தினமும் நாம்பேவே அவனுக்குக் கஞ்சி கொண்டுவந்து, தலையைத் தாங்கி ஊட்டினாள். மகனைக் கொன்றவனுக்கு! நான் வாசலில் உட்கார்ந்து மண்ணைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவள் போனதும் என்னைக் கூப்பிட்டான்.

"பினியாசி, மழை வரப்போகுது."

"தெரியும். அந்தம்மா கொல்லைய நான் கொத்துறேன், நீ படு."

"நீ ஒண்ணும் கொத்த வேணாம். அந்தக் கஞ்சி மேல கண்ணு உனக்கு." சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. "அந்தம்மா கொல்லைக்கு இப்ப ஊர்ல ஆளிருக்கு. நீ என் மண்வெட்டிய எடுத்துக்கிட்டு உங்க ஊருக்குப் போ. நீ கொன்னவன் பொண்டாட்டிக்கு ஒரு கொல்லை இருக்கும்ல, அதுல இறங்கிக் கொத்து. அவ விரட்டுனா பாதையில நில்லு. மறுநாள் காலையில திரும்ப இறங்கு."