தைல லேபிள் ஒட்டிய பக்கம்

போன வெள்ளிக்கிழமை காலை எங்கள் பதிப்பாளரின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது: 'கொடைக்கானலின் மூத்த வாசகி ஜுபைதா, குறிஞ்சி பூத்த மலைச்சரிவில் கண்மூடினார்.' அழுகைக்கு முன்னால் எனக்கு அருவருப்புதான் வந்தது. இந்த வருடம் குறிஞ்சி பூக்கவே இல்லை. ஜுபைதா அக்கா இறந்தது திண்டுக்கல்லில், ஒரு ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில். செத்தவரைப் பற்றிக்கூட அளந்து விடுகிறார்கள்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த லேபிளும் தெரிந்திருக்கும். கொடைக்கானல் பஜாரில் யூகலிப்டஸ் தைலம் விற்றார். ஆள் வராத நேரமெல்லாம் காதல் நாவல்தான். கதையில் ஒரு பொய் தட்டுப்பட்டால் தைல பாட்டில் லேபிளை அந்தப் பக்கத்தில் ஒட்டிவிடுவார். அதற்கு மேல் படிக்கமாட்டார்.

முதன்முதலில் தைலம் வாங்கப் போனபோது அவர் மேசையில் என் நாவல் கிடந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில் லேபிள். எழுதியவன் நான்தான் என்று சொல்லாமல் காரணம் கேட்டேன்.

"ரயில விட்டு எறங்குனதும் பனியில நின்னு அவனக் கட்டிப்பிடிக்கிறாளாம். கொடை ரோடு ஸ்டேஷன் கீழ வெயில்ல கெடக்கு. அங்கருந்து பஸ்ல வளைஞ்சு வளைஞ்சு, வாந்தியெடுத்துல்ல மேல வரணும்? ஸ்டேஷனையே பொய்யாச் சொல்றவன், காதல மட்டும் நெசமாவா சொல்லப் போறான்?"

எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டு, "கற்பனைதானேக்கா" என்று இளித்தேன்.

"அப்பக் கற்பனையா ஒரு ஊரு வச்சுக்கங்க. எங்க ஊரு பேரு எதுக்கு?"

அதன்பிறகு அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு நாவலையும் அவருக்கு அனுப்பினேன். ஒன்றையாவது அவர் கடைசிப் பக்கம்வரை படித்துவிட வேண்டும் என்பது என் வெறி. ஐந்து அனுப்பினேன், ஐந்திலும் லேபிள். ஒன்றில் வில்பட்டித் தோட்டத்தில் என் நாயகி எம்பி எம்பி காரட் கொய்தாள். "மண்ணுக்குள்ள இருக்குறத எப்பிடிங்க எம்பிப் பறிப்பா?" என்று போனில் கேட்டார். பதிப்பாளரிடம் சொன்னேன். "காரட்டை யார் சார் பாக்குறா? முத்தம் நல்லா வந்திருக்கு" என்றார். நானும் தலையாட்டினேன். காரட் அப்படியே அச்சேறியது. வாங்கிப் படித்தவர்களை முட்டாள் என்று நினைத்திருக்கிறோம், வேறென்ன?

ஆறாவது நாவலின் பிரதி அவரிடம் இருந்தபோதுதான் செய்தி வந்தது. துக்கம் விசாரிக்கப் போனேன். மகள் சபீனா அதை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

"அம்மா பாதிதான் படிச்சாங்கண்ணே. மூச்சு முட்டவும் வெரசா திண்டுக்கல்லுக்குக் கெளம்பிட்டோம். இல்லாட்டி முழுசும் படிச்சிருப்பாங்க."

பஸ்ஸில் மலையிறங்கும்போது மனசு லேசாக இருந்தது. இந்த முறை என் தப்பால் நிற்கவில்லை, நோய்தான் நிறுத்தியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் லேபிள், நாலு மூலையும் அழுத்தி ஒட்டியிருந்தது. சித்திரை மாதம், தாண்டிக்குடி எஸ்டேட்டில் சிவந்த காப்பிப் பழம் பறித்தபடி நாயகன் காதலைச் சொல்கிறான். சித்திரையில் அங்கே காப்பி பூத்து ஓய்ந்திருக்கும். பழம் பறிப்பது மார்கழியில்.

மூச்சு முட்டிய அந்த நாட்களிலும் அவர் ஏமாறவில்லை. நானோ, அவரை நிறுத்தியது நோய் என்று நம்பி ஒரு பஸ் பயணம் முழுக்கச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது.

பறிப்பை மார்கழிக்கு மாற்றிவிட்டேன். லேபிளை உரிக்கவில்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த லேபிளும் இந்தக் குமட்டலும்தான். இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.