தேசிக்காய் வைத்த கை

பள்ளிக்கூட லீவுக்கு அம்பிட்டியவிலிருந்து திருகோணமலை போக மகன் டிரைவரோடு ஹயருக்கு வாடகைக் கார் பிடித்திருந்தான். டயருக்குத் தேசிக்காய், அதான் எலுமிச்சங்காய், வைக்காமல் நான் பயணம் போனதே இல்லை.

"ஹயர் காருக்கெல்லாம் எதுக்கும்மா? நேரமாகுது, ஏறுங்க!"

"போறது நம்ம புள்ளைங்கதானேடா!" என்று சொல்லிவிட்டு, குனிந்து முன் டயருக்கடியில் தேசிக்காயைத் தள்ளினேன். விரலில் ஏதோ குத்தி ரத்தம் வந்தது. வெளிப்பக்கம் புதிதுபோல இருந்த டயர், உள்பக்கம் தேய்ந்து கம்பி தெரிந்தது.

டிரைவர் தம்பி தலையில் கை வைத்தார். "இதோட மலையிறங்கியிருந்தா முடிஞ்சிருப்போம்மா."

வேறு டயர் மாட்டிய பிறகுதான் பேரப்பிள்ளைகளை ஏறவிட்டேன். நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் அன்று குடும்பத்தைக் காப்பாற்றியது என் கைதான்.

இப்போதெல்லாம் நாலு டயரையும் உள்பக்கம் தடவிப் பார்த்துவிட்டே தேசிக்காய் வைக்கிறேன். மகன்தான் டோர்ச் பிடிக்கிறான்.