அவசரப்படாத வயலின்கள்

செல்வம்மாள் 1995இல் அரியலூருக்குப் பாட்டு டீச்சராக வந்தார். ஜெயங்கொண்டம் பக்கத்து விவசாயக் குடும்பம். திருவையாற்றில் வயலின் படித்தவர். விடுமுறை நாட்களில் கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கப் போவார். அங்கே அவருக்கு ஒரு மனக்குறை. அந்தக் காலத்து அரண்மனைகளில் பாடிய பதங்கள் என்ற காதல் பாட்டுகளைக் கச்சேரி முடியும் நேரத்தில், பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் மாதிரி அவசரமாகப் பாடி முடித்துவிடுகிறார்கள். பழைய பதிப்புகளைத் தேடி எடுத்து, அவற்றை மிக மெதுவாக, சவுக்க காலத்தில் வீட்டில் வாசித்துப் பார்த்தார்.

"அது வேற பாட்டாவே இருந்துச்சுங்க" என்று என்னிடம் சொன்னார்.

அடுத்த வருஷமே குழு சேர்த்துவிட்டார். அவரையும் சேர்த்து ஐந்து வயலின், இரண்டு பாடகிகள், ஒரு மிருதங்கம். வயலின்களில் ஒன்று நான்; அரியலூர் சிமென்ட் ஆலையில் ஷிப்ட் முடித்து ஒத்திகைக்கு வருவேன். மிருதங்கம் குருநாதன். விறுவிறுவென்று வாசித்துக் கைதட்டல் வாங்கியே பழகியவர்.

உடையார்பாளையத்தில் முதல் கச்சேரி. இரண்டாவது பாட்டிலேயே பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

"இப்புடி இழுத்தா யாருங்க டீச்சர் உக்காருவா? கொஞ்சம் வேகமா போவோம்" என்றார் குருநாதன்.

"வேகம் வேணாம்ண்ணே. என்ன பாட்டுன்னே நாம அவங்களுக்குச் சொல்லலியே."

அதன்பின் செல்வம்மாள் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் எழுந்து நின்று கதை சொன்னார். காத்திருந்து சலித்துப்போன பெண், தோழியிடம் ராஜாவைப் பற்றிப் புலம்புகிறாள், இப்போது வந்தாலும் கதவைத் திறக்காதே என்கிறாள் என்று. பூலாம்பாடியில் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பிறகு அதே பாட்டை அசையாமல் உட்கார்ந்து கேட்டார்கள்.

2002இல் மொபெட் சறுக்கி விழுந்து அவருக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடியது, இரண்டு விரல்கள் மடங்கவே இல்லை. இனிக் குழு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு பார்க்கப் போனேன்.

"ஒத்திகைய எப்ப வச்சுக்கலாம்?" என்றார்.

"நீங்க வாசிக்காம எப்புடிங்க டீச்சர்?"

"நான் எதிர்ல உக்காந்துக்கிறேன். நீங்க வாசிங்க."

நம் கச்சேரியில் கையசைத்து நடத்துவதற்கென்று தனியாக ஓர் ஆள் உட்காரும் வழக்கம் கிடையாது. அரியலூரில் அவர் எங்களைப் பார்த்து உட்கார்ந்ததும், "அந்தம்மா ஏன் முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கு?" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது. எனக்குத்தான் முகம் சுண்டிப்போனது. அவர் தான் உட்கார்ந்திருந்த பலகையைப் பக்கவாட்டில் நகர்த்திப் போட்டுக்கொண்டு வலது கையை உயர்த்தினார்.

ஒரு விரல் இறங்கினால் நாங்கள் நாலு பேரும் அடங்குவோம்; பாடகியின் குரல் தனியே மேலே வரும். அதுவரை அவரவர் வயலினை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த நாங்கள், அதன்பிறகுதான் பக்கத்தில் இருப்பவனையும் கேட்கத் தொடங்கினோம். அவருடைய இடது கை மட்டும் மடியில் கிடந்து, மடங்குகிற விரல்களால் எங்களோடு வாசித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தால் எனக்குச் சுருதி தப்பிவிடும் என்று பார்க்கமாட்டேன்.

கடைசியாக மாறியவர் குருநாதன். 2007இல் பெரம்பலூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில், ஒரு சரணம் முழுக்க மிருதங்கம் வேண்டாமென்று செல்வம்மாள் கையை மூடிக் காட்டினார். குருநாதன் கையை மடியில் வைத்துக்கொண்டார். மண்டபத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. சரணம் முடிந்து மெல்ல ஒரே ஒரு தட்டு தட்டினார். முன்வரிசையில் யாரோ "ஆஹா" என்றார்.

மேடையை விட்டு இறங்கியதும் குருநாதன் அவரிடம் வந்தார்.

"டீச்சர், இத்தன வருஷமா வாசிக்கிறேன். சும்மா இருந்து ஆஹா வாங்குனது இன்னிக்கிதான்."

செல்வம்மாள் சிரித்துவிட்டார். "அடுத்த கச்சேரியில இன்னுங் கொஞ்சம் சும்மா இருங்கண்ணே."