விசியும் பில்பாவோக்காரியும்

கிரானாடா நகர மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் விசியின் மதுக்கடை பூட்டிக் கிடந்து யாரும் பார்த்ததில்லை. காய்ச்சலோ தலைவலியோ, அவள் கவுண்டருக்குப் பின்னால்தான் நிற்பாள். அவ்வளவு கெட்டிக்காரிக்கு ஒரே ஒரு பலவீனம், காஸ்தோ. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. தினமும் மதியம் வந்து சின்ன கிளாஸில் பீர் குடிப்பார்.

அவர் மேல் ஆசை என்று விசி வாயால் சொன்னதே இல்லை. தட்டில் சொல்வாள். இந்த ஊரில் குடிக்க எது கேட்டாலும் சின்னத் தட்டில் சாப்பாடு சும்மா வரும். எதை வைப்பது என்பது கடைக்காரர் இஷ்டம். காஸ்தோவுக்கு எப்போதும் சட்டியிலேயே நல்ல கறித்துண்டு. அவரோ அதைக் கடையின் தாராளம் என்று நினைத்துச் சாப்பிட்டார். ஆண்களுக்கு இதெல்லாம் எங்கே உறைக்கிறது!

அந்த மே மாதம் அவர் தனியாக வரவில்லை. வடக்கே கடலோர ஊரான பில்பாவோவிலிருந்து வந்து, அவர் பக்கத்து வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்த பெகோன்யாவும் கூட வந்தாள். அவள் வாங்கிய விசிறி, மரப்பெட்டி, தோல் செருப்பு எல்லாம் இருந்த பைகளைத் தூக்கிக்கொண்டு காஸ்தோ பின்னால் வந்தார். இங்கே காலி கிளாஸைக்கூட நகர்த்தி வைக்காத மனுஷன்! விசிக்கு வயிறு பற்றி எரிந்தது.

காஸ்தோவுக்குக் கறி வைத்தாள். பெகோன்யா முன்னால் நாலு உப்புக் கடலையைப் போட்டாள்.

“ஐயோ, எங்க ஊர்ல இதுக்கும் காசு கேப்பாங்க! நீங்க சும்மாவே தர்றீங்களே!” என்று அவள் பூரித்துப்போனாள்.

காஸ்தோ பூரிக்கவில்லை. ஒன்றாக வந்து ஒன்றாகக் குடிக்கிறவர்களுக்கு ஒரே தட்டுதான் வைக்க வேண்டும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். கறியைத் தொடாமல் பணத்தை வைத்துவிட்டு, அவளைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த அங்குஸ்தியாஸின் மதுக்கடைக்குக் கூட்டிப் போனார். மறுநாளும் அங்கேதான் போனார். அதற்கடுத்த நாளும் அங்கேதான். விசி தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, ஜன்னல் கண்ணாடி வழியே அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து அங்குஸ்தியாஸ் ஐஸ் கடன் கேட்கிற சாக்கில் வந்தாள்.

“ஏண்டி விசி, உன் ஆளு அந்தம்மாவோட இன்னிக்கு பில்பாவோ கெளம்புறாராமே? தெரியாதா உனக்கு?”

“யாருடி என் ஆளு?” என்று சீறினாள் விசி. ஆனால் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் தெருவைத் தாண்டிவிட்டாள்.

அங்குஸ்தியாஸ் கடையில் காஸ்தோ ஒரு பெட்டியோடு நின்றிருந்தார். பெகோன்யா கண்ணாடி பார்த்து உதட்டுச்சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

“போகாத, காஸ்தோ.”

காஸ்தோ பெட்டியைக் கீழே வைத்தார்.

“டிக்கெட் எடுத்தாச்சு, விசி. ரெண்டு வாரந்தான். கடல் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. உனக்கென்ன இப்ப?”

“எனக்கென்னவா? பொறாமைய்யா! இவளைப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது. போதுமா?”

காஸ்தோவின் காது சிவந்தது. பெகோன்யா பூசுவதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இதை ஏன் இவ்வளவு நாளா சொல்லல?” என்றார் அவர்.

“இப்ப சொல்லிட்டேன்ல? நானும் வர்றேன்.”

“கடையை யாரு பாத்துப்பா?”

“பூட்டிடுறேன்,” என்றாள் விசி. “டிக்கெட் எங்க குடுக்குறாங்க?”