பார்க்காமல் எழுதிய நாலு டிகிரி

உத்திரமேரூர் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்மசிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி என் பொறுப்பு. காலையும் மாலையும் தெர்மாமீட்டரைப் பார்த்து சார்ட்டில் எழுத வேண்டும். இரண்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, எட்டைத் தாண்டக் கூடாது. எப்போதும் நாலுதான் இருக்கும் என்பதால், பார்க்காமலே நாலு என்று எழுதப் பழகிவிட்டேன். கட்டம் காலியாக இருந்தால் ரிவியூ மீட்டிங்கில் எழுப்பி நிற்கவைத்து மானத்தை வாங்குவார்கள். எனக்கும் ஒருமுறை நடந்தது. பொய்யாக நிரம்பியிருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அன்று புதன்கிழமை, தடுப்பூசி நாள். காவாந்தண்டலம் கிராம முகாமுக்கு அனுப்ப மருந்து எடுக்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். மைனஸ் இரண்டு. சில குப்பிகளில் ஐஸ் கட்டியிருந்தது. உறைந்த மருந்தில் வீரியம் இருக்காது. குழந்தைக்கு ஊசி குத்திய வலிதான் மிச்சம். சார்ட்டிலோ மூன்று நாளாக என் கையெழுத்தில் நாலு, நாலு, நாலு.

கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் உருகிவிடும், யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன்.

அப்போது துப்புரவு வேலை செய்யும் மல்லிகா கதவோரம் வந்து நின்றாள்.

"மேடம், திட்டக் கூடாது. திங்கக்கெயம பொட்டிய தொடச்சிக்கினு இருந்தேனா, அந்தக் குளிரு கூட்டிக் கொறைக்கிற திருகு திரும்பிக்கிச்சி. எந்தப் பக்கம் இருந்துச்சின்னு தெரில. அப்பிடியே வுட்டுட்டேன்."

"அன்னிக்கே ஏன்டி சொல்லல?"

"போன மாசம் பாட்டில் ஒடஞ்சதுக்கு ஓபி க்யூல எல்லார் முன்னாடியும் கத்தினீங்களே மேடம். பயமா கீது."

மீட்டிங்கில் எனக்கு நடந்ததை நான் இவளுக்குச் செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

நேராக டாக்டரிடம் போனேன். "சார், பெட்டி மைனஸ்ல இருக்குது. சார்ட்ல இருக்கிற நாலு நான் பார்க்காம எழுதினது."

"எத்தன நாளாம்மா?"

"திங்கக்கிழமையிலிருந்து இருக்கலாம். எப்போ உறைஞ்சுதுன்னு தெரியல சார். அதான் பிரச்சனையே."

"நேத்து பொறந்த கொழந்தைக்குப் போட்டது?"

அந்தக் குழந்தைக்கு மஞ்சள் காமாலைத் தடுப்பூசி இந்தப் பெட்டியிலிருந்துதான் போயிருந்தது. பிறந்து இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி. இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. பெட்டியிலிருந்த குப்பிகளை ஒதுக்கிவிட்டு, பக்கத்து நிலையத்துக்குப் போன் போட்டு முகாமுக்கும் சேர்த்து மருந்து வரவழைத்தோம். வண்டி வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேத்தே போட்டாங்களே, இன்னாத்துக்கு மறுபடியும்?" என்றாள் தாய்.

"நேத்து போட்டது சரியில்லம்மா. தப்பு எங்களுது."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு குழந்தையைக் கொடுத்தாள். நேரத்துக்குள் போட்டுவிட்டோம்.

எனக்கு மெமோ வந்தது. மீட்டிங்கில் நிற்கவைத்தார்கள். மல்லிகா பெயரை நான் சொல்லவில்லை.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். கீழே வேலை செய்பவர் உங்களைப் பார்த்துப் பயந்தால், நடந்த தப்பு உங்கள் காதுக்குக் கடைசியில்தான் வரும். மல்லிகா பயந்துகொண்டே வந்து உண்மையைச் சொன்னாள். அதே நேரத்தில் நான் குப்பிகளை உருகவைக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.