செம்பருத்தி வருக்கைக்கு மூன்று மாதம்

தபீதாள் பார்த்த வேலைக்கு செக்கர் என்று பெயர். தாம்பரம் சானடோரியம் பக்கத்து ஏற்றுமதி வளாகத்தில், வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஒரு கம்பெனி. தைத்து முடித்த சட்டைகளில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் வேலை. காலர் நூலிழை கோணினாலும், பட்டன் நிறம் ஒரு பொட்டு மாறினாலும், அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிடுவாள். சட்டை வந்த வழியே திரும்பிப் போகும்.

வீட்டிலும் அந்தக் கண் ஓயாது. ரயில்வேயில் எலெக்ட்ரீஷியனாக இருந்த அவள் கணவர் எட்மண்ட், அவளுக்குக் காலை ஷிப்டு வரும் வாரங்களில் சமையலைப் பார்த்துக்கொள்வார். "ரசத்துல ஸ்டிக்கர் ஏதாவது மிதக்குதான்னு பார்த்துட்டுத்தான் நான் தட்டே எடுக்கிறது" என்பார்.

எல்லாம் ஆரம்பித்தது 1984ல், மதியச் சாப்பாட்டு மேஜையில். எதிர் மேஜையில் உட்கார்ந்து பட்டன் தைக்கும் செல்லம்மா, ஊரான மார்த்தாண்டத்துக்கு லீவில் போய்விட்டு ஒரு டப்பா பலாச்சுளை கொண்டுவந்திருந்தாள். அதன் நிறம் மஞ்சள் இல்லை. செம்புக் குடத்தைப் புளி போட்டு விளக்கினால் முதல் தண்ணீரில் ஒரு நிறம் வருமே, அந்த நிறம். கடித்தால் நறுக்கென்று உடைந்தது. பெயர் கேட்டதற்கு, "செம்பருத்தி வருக்கை அக்கா. வருக்கைன்னா சுளை கெட்டியா இருக்கும். எங்க பக்கம் வீட்டுக்கு ஒண்ணு நிக்கும்" என்றாள் செல்லம்மா, அது ஒரு விஷயமே இல்லை என்பதுபோல.

தபீதாள் கொட்டைகளைக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர்களுக்கு ஒரு கிரவுண்டு மனையில் சின்ன வீடு. முன்னால் படியிறங்கினால் தெரு. பக்கவாட்டில் செப்டிக் டேங்க். கிணற்றுக்குப் பின்னால் மதிலை ஒட்டி ஒரு மூலையும், கிணற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டும் மட்டும் மண்ணாகக் கிடந்தன. அந்த மூலையில் ஏழு கொட்டை போட்டாள். முளைத்தவை ஐந்து. ஆடு தின்றதும் வெயிலில் காய்ந்ததும் போக நின்றது ஒன்று.

அதற்கு ஏழு வருஷம் தண்ணீர் ஊற்றினாள். செல்லம்மாவிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. முதல் பழத்தைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்து அசத்த வேண்டும் என்று ஓர் ஆசை. தினமும் எதிரில் உட்கார்ந்திருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஏழு வருஷம் மிஞ்சியிருக்கும்.

1991ல் பழம் வந்தது. பெரிய பழம். வாசனை நான்கு வீடு தாண்டியது. வெட்டிப் பார்த்தால் உள்ளே வெளிறின மஞ்சள். சுளை கையில் எடுக்கும்போதே கூழாக நழுவியது. கோவளத்திலிருந்து பஸ்ஸில் மீன்கூடையோடு வந்து தெருவில் விற்கும் முத்தாலம்மாள் அந்த நேரம் பார்த்து வாசலில் நின்றாள்.

"இன்னாம்மா தபீதா, ஏழு வருசமா சேப்பு சேப்புன்னு சொல்லிக்கினு இருந்தியே, இத்தத்தானா? இது சேப்புன்னா எங்கூட்டுக்காரரு பல்லும் சேப்புதான்!"

சொல்லிவிட்டு ஐந்து சுளையை உட்கார்ந்து தின்றாள். "ஆனா நல்லாத்தான் கீது" என்று இன்னும் இரண்டு கேட்டு வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் தபீதாள் செல்லம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். செல்லம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"கொட்டையையா நட்டிய? அக்கா, பலாக்கொட்டைக்கு அம்மையைப் போல பிறக்கணும்னு ஒரு சட்டமும் கிடையாது. அது எந்த மரத்துப் பூந்தூளை ஏத்துச்சோ, யாரு கண்டா? ஒட்டுக்கன்னுதான் வைக்கணும். நான் எதிர்ல தானே இருந்தேன்!"

அந்த வருஷமே தபீதாள் இரண்டு ஒட்டுக்கன்றுகளை வாங்கிக் கிணற்றுக்கு இந்தப் பக்கம் வைத்தாள். ஒன்று செல்லம்மாவின் தம்பி ஊரிலிருந்து ரயிலில் கொண்டுவந்த செம்பருத்தி வருக்கை. மற்றது பண்ருட்டி போயிருந்தபோது எட்மண்ட் சந்தையில் வாங்கியது. விற்றவர் பெயர் ஒன்றும் சொல்லவில்லை. சிவப்புப் பலா என்று மட்டும் சொன்னார். இருக்கிற இடத்துக்கு ஒரு சிவப்புதான் தாங்கும். இரண்டும் காய்க்கட்டும், பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. ஒரே சாம்பிளைப் பார்த்து ஆர்டர் போடுகிறவள் இல்லை அவள்.

1994 கோடையில் இரண்டும் காய்த்தன. கம்பெனியில் ஒரு நாள் தைத்த துணியை அந்த நாளுக்குள் ஒன்றாக வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். அதே நியாயப்படி இரண்டு மரத்திலும் ஒரே நாளில் பழம் இறக்கினாள், ஒரே நாளில் அறுத்தாள். வேலை முடிந்து வந்து, கூடத்து டியூப்லைட்டில் பார்த்தாள். பண்ருட்டிப் பழம் நல்ல ஆரஞ்சாக மின்னியது. மார்த்தாண்டத்துப் பழம் ஊதா கலந்த ஏதோ ஒரு நிறத்தில், கடித்தால் ரப்பர்போல இருந்தது.

"உன் செம்பருத்தி ஃபெயிலா?" என்றார் எட்மண்ட்.

செம்பருத்தி மரத்தில் இன்னும் இரண்டு பழம் கிடந்தது. ஐந்து நாள் கழித்து அதில் ஒன்றை அணில் கடித்துப் போட்டிருந்தது. கடித்த இடத்தில் தெரிந்த சுளை, பத்து வருஷத்துக்கு முன் டப்பாவில் பார்த்த அதே செம்பு நிறம்.

தபீதாளுக்கு முகத்தில் அறைந்ததுபோல ஆனது. டியூப்லைட்டில் நிறம் பார்க்காதே என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம். காலை பத்து மணிக்கு, வடக்கு ஜன்னலில்தான் பார்க்க வேண்டும். அடுத்தது, ஒரே நாளில் வெட்டினால் நியாயம் என்பது சட்டைக்குச் சரி. பழத்துக்கு ஒரே அளவு பழுப்பில் வெட்டுவதுதான் நியாயம். இரண்டு தப்பும் அவளுடையது. யார் மேலும் ஸ்டிக்கர் ஒட்ட முடியாது.

1995ல் முறையாகச் செய்தாள். முள் விரிந்து, தட்டினால் மத்தளம்போல் சத்தம் வந்து, காம்பருகே வாசனை வந்த பிறகே ஒவ்வொன்றையும் இறக்கினாள். ஞாயிறு ஆராதனைக்குக்கூட எட்மண்டைத் தனியாக அனுப்பிவிட்டு, காலை பத்துக்கு வடக்கு ஜன்னலில் நூல் கார்டோடு உட்கார்ந்தாள். அட்டையில் வரிசையாக நூல் சுற்றி நம்பர் போட்ட கார்டு அது. பண்ருட்டிச் சுளை பகல் வெளிச்சத்தில் மஞ்சள் வரி ஓடிய ஆரஞ்சு. இனிப்பு உண்டு, ஆனால் நார் நார். பழம் ஒன்று பதினைந்து கிலோ. மதிலோடு சேர்த்துத்தான் தூக்க வேண்டும்போல இருந்தது. மரமோ அடுத்த மனைக்குள் கையை நீட்டிக்கொண்டிருந்தது. செம்பருத்தி வருக்கை ஆறு கிலோவைத் தாண்டவில்லை. இரண்டு பேர் உள்ள வீட்டில் இரண்டு நாளில் தீரும். பால் குறைவு, கத்திக்கு எண்ணெய் கொஞ்சம் தடவினால் போதும். மரம் ஒல்லியாக நிமிர்ந்து நின்றது. சுளையின் நிறம் 418ஆம் நம்பர் நூல், அச்சு அசல்.

"செம்பருத்தி பாஸ்" என்றாள் தபீதாள். பண்ருட்டி மரத்தில் ஸ்டிக்கர் ஒட்டினாள்.

அந்த வாரமே கிணறு வறண்டது. வாளி தரையைத் தட்டி மேலே வந்தது. போர் போட வேண்டியதுதான் என்றார் எட்மண்ட். நீரோட்டம் பார்க்க ஜெயவேலு என்பவரை அழைத்துவந்தார். உரித்த தேங்காய் ஒன்றை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு ஜெயவேலு மனை முழுக்க நடந்தார். செம்பருத்தி மரத்தடியில் தேங்காய் எழுந்து நின்றது.

"இன்னொரு தடவை நடங்க" என்றாள் தபீதாள்.

நடந்தார். அங்கேயே நின்றது.

"அந்தப் பக்கத்திலிருந்து வாங்க. கண்ணை மூடிக்கிட்டு."

"யம்மா, முப்பது வருசமா பாக்குறேன். இந்த மாதிரி பரிட்சை யாரும் வெச்சதில்லை" என்று முனகிக்கொண்டே கண்ணை மூடி நடந்தார். மரத்தில் முட்டிக்கொண்டார். தேங்காய் நின்றுகொண்டிருந்தது.

போர் அங்கே என்றால் செம்பருத்தியை வெட்டியாக வேண்டும். போர் லாரி உள்ளே வர பண்ருட்டி மரமும் போக வேண்டும். தப்பிப்பது மூலையில் நின்ற கொட்டை மரம் மட்டும்: ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய மஞ்சள் கூழன்.

"வேற கன்னு வாங்கிக்கலாம் தபீதா" என்றார் எட்மண்ட், கொஞ்சம் இறங்கின குரலில்.

"எங்கே வைக்க? அந்த மூலை ஒண்ணுதான் இருக்கு. அப்புறம், பேரை நம்பி இன்னொரு தடவை வாங்க மாட்டேன். நான் பார்த்துப் பாஸ் பண்ணது இந்த மரம். இதேதான் எனக்கு வேணும்."

அன்று மதியமே செல்லம்மாவைப் பிடித்தாள். செல்லம்மா கல்யாணத்துக்கு முன் ரப்பர் நாற்றங்காலில் ஒட்டு வைக்கும் வேலை பார்த்தவள். யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"கொட்டை மரத்தை நெஞ்சளவுக்கு வெட்டுங்க. ஒரு கிளையை மட்டும் விட்டுருங்க, மரம் மூச்சு விடட்டும். புதுசா துளிர்த்து வர்ற குச்சி பென்சில் கனம் ஆனதும் செம்பருத்தியிலிருந்து கொழுந்துக் குச்சி எடுத்து ஒட்டலாம். ஆனா மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் செம்பருத்தி உயிரோட நிக்கணும்."

சாயங்காலம் எட்மண்டிடம் மூன்று மாதம் கேட்டாள்.

"மூணு மாசம் எதைக் குடிக்கிறது?"

"தெருமுனை அடிபம்புல நான் கொண்டாறேன். ஒரு நாள் ஒரு குடம் குறைஞ்சாலும் அன்னைக்கே லாரியைக் கூப்பிடுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"பன்னிரண்டு குடம்" என்றார் அவர், பயமுறுத்திப் பார்க்கலாம் என்று.

"பன்னிரண்டு" என்றாள்.

மறுநாளே கொட்டை மரத்தை வெட்டினார்கள். முத்தாலம்மாள் வந்து பார்த்துக் கன்னத்தில் கைவைத்தாள். "அடிப்பாவி, நல்லா காய்ச்சிக்கினு இருந்த மரத்தப் போயி மொட்டை அடிச்சிட்டியே! இந்த ஒரு கெளையாவது வுட்டியே, பொழைச்சுப் போ."

ஷிப்டுக்கு முன் ஆறு குடம், வந்த பிறகு ஆறு. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. ஆடி போயிற்று. ஆவணியில் ஒரு நாள் அடிபம்பு வாஷர் தேய்ந்து காற்றைக் கக்கியது. தபீதாள் இரண்டு தெரு தள்ளி இருந்த பம்புக்குப் போய் வரிசையில் நின்றாள். பத்தாவது குடத்தோடு திரும்பும்போது, எதிரே சைக்கிளின் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டிக்கொண்டு எட்மண்ட் வந்துகொண்டிருந்தார்.

"பார்க்கிறவன் என்னைத் திட்டுறான்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"எண்ணிக்கையில இது சேராது" என்றாள் தபீதாள். மீதி இரண்டையும் அவளே கொண்டுவந்தாள். அவர் கொண்டுவந்த இரண்டும் செம்பருத்தி வேருக்குப் போயிற்று.

புரட்டாசி பிறந்து ஒரு ஞாயிறு செல்லம்மா வந்தாள். மொட்டையில் பதினெட்டுத் துளிர் எழும்பியிருந்தது. நோஞ்சான்களைக் கிள்ளிவிட்டுப் பதினாலை வைத்துக்கொண்டார்கள். செல்லம்மா துளிரின் தலையை வெட்டி நடுவில் பிளந்தாள். வழிந்த பாலைத் தபீதாள் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். செம்பருத்திக் குச்சியை ஆப்புபோலச் சீவிப் பிளவில் செருகி, சட்டை போட்டு வரும் பாலித்தீன் பையைக் கிழித்து இறுக்கிக் கட்டினார்கள். எட்டாவதிலிருந்து தபீதாளே சீவினாள். பதினாலும் முடிந்ததும் செல்லம்மா நிமிர்ந்து முதுகை நெட்டி முறித்தாள்.

"அக்கா, பாதி வந்தாலே பெரிசு."

"ஒண்ணு வந்தா போதும்" என்றாள் தபீதாள்.

புதன்கிழமை லாரி வந்தது. செம்பருத்தியை அறுக்கும்போது அவள் வேலைக்குப் போகாமல் நின்று பார்த்தாள். ஜெயவேலுவின் தேங்காய் பொய் சொல்லவில்லை. சேறு கக்கி, கலங்கி, பிறகு தெளிந்த தண்ணீர் வந்தது. "குடத்தையெல்லாம் கவுத்துடு" என்றார் எட்மண்ட்.

ஐப்பசி மழை பதினாலில் ஒன்பதை அழுக வைத்தது. பிழைத்த ஐந்தில் இரண்டைக் காக்கை உட்கார்ந்து ஒடித்தது. ஒன்று தானாகவே கருகியது. நின்றது இரண்டு. தபீதாள் அந்த இரண்டுக்கும் மூங்கில் குச்சி கட்டிக் காவல் வைத்தாள். விட்டுவைத்த பழைய கிளை சாப்பாட்டை எல்லாம் இழுத்துக்கொள்ளப் பார்த்தபோது அதன் நுனியை அவ்வப்போது கிள்ளிக் குறைத்தாள். முழுதாக வெட்டவில்லை.

1998 வைகாசியில் ஒட்டுக் கிளையின் அடியில் ஒரே ஒரு பழம். முள் விரியும்வரை காத்திருந்தாள். ஞாயிறு காலை பத்துக்கு வடக்கு ஜன்னலில் தாளை விரித்து அறுத்தாள். செல்லம்மா வந்திருந்தாள். எட்மண்ட் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றார். முத்தாலம்மாள் வாசலில் கூடையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

தபீதாள் ஒரு சுளையை எடுத்து நூல் கார்டின் மேல் வைத்தாள். 418. சுளை எங்கே முடிகிறது, நூல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கடித்தாள். நறுக்கென்றது.

"அடியாத்தே, இது சேப்பு!" என்றாள் முத்தாலம்மாள். வாயில் போட்டு மென்றுவிட்டுச் சொன்னாள், "அதுக்குன்னு மஞ்சக் கெளைய வெட்டிப்புடாத. எனக்குப் பல்லு கீற லட்சணத்துக்கு அதான் தோது."

"அதை வெட்ட மாட்டேன். அது உங்க கிளை" என்றாள் தபீதாள்.

"அப்போ பாஸா?" என்றார் எட்மண்ட்.

"பாஸ்."

சொல்லிவிட்டு மீதிப் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காம்புக்குப் பக்கத்தில் தோல் மேல் இரண்டு பல் தடம். எழுந்துபோய்க் கைப்பையைத் திறந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்துவந்து, அம்பு சரியாக அந்தத் தடத்தைக் காட்டும்படி ஒட்டினாள்.

"அணில். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா உள்ளே போயிருக்கும்" என்றாள். "அடுத்த வருஷம் பிஞ்சிலேயே சாக்கு கட்டணும். ஏங்க, பழைய அரிசிச் சாக்கு எத்தனை இருக்கு நம்மகிட்ட?"